தண்ணீர் எட்டாத வீடு

எண்பதுகளில் மலேசியாவில் மந்தின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்ட முதலாளிக்குச் சொந்தமாக அங்கே ஒரு மண் அணை. சின்னதுதான், ஆலைக்குத் தண்ணீர் தேக்குவதற்குக் கட்டியது. அதற்குக் காவல் என் வீட்டுக்காரர். கரையில் புல் வெட்டுவார், கரையான் புற்றை இடிப்பார், மழை விட்டதும் எங்காவது கசிகிறதா என்று கரையடியை வெறுங்காலால் மிதித்துப் பார்ப்பார்.

ஒருநாள் இஞ்சினியர் ஒருவர் வந்து அளந்தார். அணை ‘அதிக அபாய’ வகை என்று எழுதிவிட்டுப் போனார். இவருக்குச் சோறு இறங்கவில்லை. நேரே தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

“என் கரைய அபாயம்னு எப்படிங்க சொல்லலாம்?”

கிராணி சிரித்தாராம். “உன் கரைய யாரும் குறை சொல்லல லா. உடைஞ்சா கீழ எத்தன உசுரு போகும்னு பார்த்துத்தான் அந்த வகை.”

இவர் மனம் ஆறிவிட்டது. என் வயிறு எரிய ஆரம்பித்தது அன்றைக்குத்தான். கரைக்குக் கீழே இருந்த தொழிலாளர் வீட்டு வரிசையை, அந்தக் கீழ் லயத்தை இடித்துவிட்டு, அங்கே இருப்பவர்களுக்கு மேட்டில் கல் வீடு கட்டித் தரப்போகிறார்களாம். கீழ் லயத்தில்தான் என் கொழுந்தன் பெண்சாதி இருந்தாள். எங்கள் லயம் கொஞ்சம் மேலே. அணை உடைந்தாலும் தண்ணீர் எட்டாது. சாவு நம் வீட்டுக்கு வராதாமே என்று ஆத்திரப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

“நம்ம வாசலுக்கும் தண்ணி வரும்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்” என்றேன்.

“வராத தண்ணிய வரும்னு சொன்னா என் கரைக்குத்தான் கெட்ட பேரு.”

இப்படி ஒரு மனுஷன்.

கொழுந்தன் பெண்சாதி புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று போனேன். வழவழவென்று சிமெண்டுத் தரை, அடுப்படிக்குள்ளேயே குழாய். இரண்டு வாய் பாயசத்துக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

கீழ் லயத்தை இடித்த பிறகு இஞ்சினியர் மறுபடியும் வந்தார். கீழே ஆள் இல்லை, ஆகவே அணை இனிக் ‘குறைந்த அபாயம்’ என்றார். அப்படியானால் காவல் எதற்கு என்று கேட்டார் மானேஜர். மறுநாளே என் வீட்டுக்காரர் முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிப் புல்லுக்கு விஷம் அடிக்க அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு வீடு கிடைத்தது, எங்களுக்கு இருந்த காவல் வேலையும் போனது.

சேதி கேட்டு அவள் ஓடி வந்தாள். குத்திக் காட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அக்கா, கீழ இருந்தப்ப மழை புடிச்சா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வாசல்ல நின்னு கரையவே பார்ப்பேன். மாமா தலை தெரிஞ்சாத்தான் அடுப்பு பத்த வைப்பேன். அவரப் போயி புல்லுக்கு அனுப்பிட்டாங்களே.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் நான் ஒருநாளாவது அந்தக் கரையை நிமிர்ந்து பார்த்தேனா என்று யோசித்தேன். பார்த்ததாக நினைவில்லை. கல் வீட்டையாவது ஒருநாள் மறந்திருப்பேன். என் புருஷன் வேலையின் அருமை எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.