குறை இல்லை என்று எழுதிய பக்கங்கள்

என் இசைத்தட்டுக் குறிப்பேட்டில் ஐந்து நிரல்கள் உண்டு. கேட்ட திகதி, தட்டு, பக்கம், ஊசியின் வயது, குறை. கடைசி நிரலில்தான் அதிகம் எழுதுவேன். எந்தப் பாட்டில் எத்தனையாவது நிமிடத்தில் 'டிக்' என்றது, எங்கே உராய்ந்தது, எங்கே ஊசி தாவியது என்பதெல்லாம் அதில் இருக்கும். துறைமுகக் கந்தோரில் கப்பல் வந்த நேரமும் போன நேரமும் எழுதி ஓய்வுபெற்றவன் நான். எழுதி வைக்காத ஒன்று நடந்ததாகவே எனக்கு நம்பிக்கை வராது.

நான் சேர்ப்பது பழைய ஆங்கில ரொக் இசைத்தட்டுகளின் டீலக்ஸ் மறுபதிப்புகளை. அரை நூற்றாண்டுக்கு முன் பதிவான நாடாக்களை எடுத்து, தூசு தட்டி, ஒலியைத் திருத்தி, கனமான புதிய தட்டுகளில் மறுபடி வெளியிடுகிறார்கள். அவற்றோடு அந்தக் காலத்துப் படங்கள் நிறைந்த ஒரு புத்தகமும், அப்போது வெளியிடாமல் விட்ட பாட்டுகளும் ஒரு கெட்டிப் பெட்டிக்குள் வரும். லண்டனில் இருக்கும் என் தங்கை, ஊருக்கு யாராவது வந்தால் ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்புவாள். இந்த ஓகஸ்ட் வரை பத்தொன்பது பெட்டிகள் சேர்ந்திருந்தன. துறைமுகத்து உப்புக்காற்றுக்கும் மாரிகாலப் பூஞ்சணத்துக்கும் பயந்து, அலுமாரியில் நிமிர்த்தி அடுக்கி, இடையிடையே ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் வைத்திருக்கிறேன். அலுமாரியின் கீழ்த்தட்டில் அதே இசைத்தட்டுகளின் பழைய பிரதிகள் சில கிடக்கின்றன. கப்பலில் வந்தவர்களிடம் இளவயதில் வாங்கியவை. கீறல் விழுந்தவை.

சில வருடங்களாகக் குறிப்பேட்டின் கடைசி நிரலில் ஒரே வாசகம்தான். 'குறை இல்லை.' பக்கம் பக்கமாக அதுதான். எழுதும்போது பெருமையாக இருக்கும். பார், என்ன சுத்தமான அச்சு, ஒரு தூசு சத்தம் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பைத்தியம் உள்ள இன்னொருவர் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் ஒருவர்தான். குறிஞ்சாக்கேணியில் இருக்கும் என் நண்பர். ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். கட்டாரில் வேலை செய்யும் மகன் அவருக்குப் பெட்டிகள் அனுப்புகிறான். நாங்கள் தொலைபேசியில் சண்டை பிடிப்பதற்கு என்றே ஒரே பெட்டியை இரண்டு பேரும் வாங்குவதுண்டு. சென்ற வருடம் ஒரு மாதம் முழுவதும் தாளத்தட்டைப் பற்றிச் சண்டை. டிரம்ஸ்காரர் தட்டுகிற அந்தப் பித்தளைத் தட்டின் ஓசை புதிய பதிப்பில் காதைக் குத்துகிறது என்றார் அவர். காதைக் குத்துவதாவது, ஒலியைத் திருத்தியவர் அதைப் பஞ்சால் மூடிவிட்டார் என்றேன் நான். அதையும் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். 'தாளத்தட்டு மங்கல். திருத்தியவரின் ரசனைக் கோளாறு.'

ஓகஸ்ட் மாதத்து முதல் சனிக்கிழமை காலை அவர் அழைத்தார்.

"மச்சான், புதுப்பெட்டி பழுது. ரெண்டாம் தட்டு முழுக்கப் பொரியிது. கடுகு வெடிக்கிற மாதிரி இரிக்கி."

"என்ர சுத்தமா இருக்கே. குறை இல்லை எண்டு எழுதியும் வச்சிட்டன்."

"ஒங்கட தங்கச்சிர கைராசி போல."

"உங்கட ஊசிதான் பழுது. கொண்டு வாங்கோ, இஞ்ச போட்டுப் பாப்பம்."

பத்தரைக்கு அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். பெட்டியை மழைத்தாளில் சுற்றி ஒரு உரப்பைக்குள் வைத்து, குழந்தையைப் போல மடியில் ஏந்திக்கொண்டு வந்திருந்தார். தட்டைத் துடைத்துப் போட்டேன். விறாந்தைக் கதிரைகளை இழுத்துப்போட்டு இருவரும் உட்கார்ந்தோம். பக்கம் முழுவதும் ஓடி முடிந்தது. கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"எங்க மச்சான் உங்கட கடுகு?"

அவர் சிரித்தார். "பகிடி விடாதீங்க."

"பகிடியில்லை. எங்க, சொல்லுங்கோ பாப்பம்."

அவர் பதில் சொல்வதற்குள் குசினியிலிருந்து என் மனைவி ஈரக்கையோடு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, உந்த ரெக்கோட்டை நிப்பாட்டிப் போட்டீங்களோ? தகரத்தில தூறல் விழுற மாதிரி ஒரு சத்தம். காயப்போட்ட உடுப்பை எடுக்க ரெண்டு தரம் வெளியில ஓடிப் போட்டன். பாத்தால் நெருப்பு வெயில்."

நண்பரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை மெல்லக் குடித்து முடித்தார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மச்சான், ஒருக்காக் காதைக் காட்டினா நல்லம்."

"காதில ஒண்டுமில்லை. நேற்றுக்கூடக் கப்பல் ஊதினது கேட்டது."

"கப்பல் ஊதினா முழுச் செவிடனுக்கும் கேக்கும்."

போகும்போது, பெட்டியை உரப்பையில் வைத்தபடி, "கோவிச்சுக் கொள்ளாதீங்க" என்று இரண்டு தரம் சொன்னார். நான் கோபிக்கவில்லை. அவருடைய காதும் என் மனைவியின் காதும் ஏன் ஒரே நாளில் பழுதாக வேண்டும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மனைவி சந்தைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பழைய பிரதி ஒன்றை எடுத்தேன். அதைப் பற்றி என் முதலாவது குறிப்பேட்டில் தெளிவான பதிவு இருக்கிறது. 'முதற்பாட்டு, முதல் நிமிடத்தில் பதினேழு டிக்.' மூன்று தரம் எண்ணிச் சரிபார்த்ததாகவும் எழுதியிருக்கிறேன். தட்டில் விழுந்த கீறல் ஆறுவதில்லை. அன்றைக்குப் பதினேழு என்றால் இன்றைக்குப் பதினேழுக்கு மேல் இருக்கலாம், குறைய வழியில்லை.

மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஐந்து.

ஊசியைத் துடைத்து மறுபடி வைத்தேன். ஆறு. மின்விசிறியை நிறுத்தி, வலக்காதை ஒலிபெருக்கியோடு ஒட்டிக்கொண்டு எண்ணினேன். ஐந்து. இடக்காதுக்கு மூன்று. புது ஊசி மாட்டினேன், அதற்கும் ஐந்து. எழுந்து போய்க் குளிர்நீர் குடித்துவிட்டு வந்து, இரண்டு குறிப்பேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். அடிமட்டம் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன்.

அதன்பிறகு நான் எழுதியவை எல்லாவற்றிலும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இசைக்குறிப்பேடு தவிர நாட்குறிப்பும் வைத்திருக்கிறேன். வாடைக்காற்று தொடங்கிய நாள், முதற்குயில் கூவிய நாள், கோயில் திருநாட்கள், வீட்டுச் செய்திகள் என்று எல்லாம் இருக்கும். அதை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். மூன்று வருடங்களுக்கு முன் கோடையில் ஒரு வரி. 'இவ்வருடம் சில்வண்டு இல்லை.' அடுத்த கோடையிலும் அதே வரி, கீழே அடிக்கோடு. பூச்சிமருந்தினால் இருக்கலாம் என்று ஒரு பக்க நீளத்துக்கு ஆராய்ச்சி வேறு. திரியாயில் இருக்கும் உறவினர் ஒருவரிடம், உங்கள் வயல்பக்கமும் சில்வண்டு அழிந்துவிட்டதா என்று விசாரித்ததும், அவர் குழம்பிப்போய் "இல்லையே" என்றதும் எழுதப்பட்டிருக்கிறது. அவர் கவனிக்காத மனிதர் என்று அடைப்புக்குறிக்குள் முடிவும் எழுதியிருக்கிறேன். இன்னோர் இடத்தில், 'காய்ச்சல் பார்க்கும் கருவி ஒலிப்பதில்லை. பழுது. எறிந்தேன்.' இன்னோர் இடத்தில், 'பல் கட்டிய பிறகு மனைவியின் பேச்சில் தெளிவில்லை.'

பல் வைத்தியரைக்கூட மனதுக்குள் திட்டியிருந்தேன்.

அடுத்து வந்த நாட்களில் நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நானே சோதனைகள் வைத்துக்கொண்டேன். கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்து மெல்ல மெல்லத் தூர விலக்கினேன். விரல்நுனிகளை உரசிப் பார்த்தேன். தேவாலய மணி கேட்டது, பள்ளிவாசல் அழைப்புக் கேட்டது, படகு இயந்திரம் கேட்டது. கேட்டவை எல்லாம் ஆறுதலாக இருந்தன. ஆனால் கேட்காதவற்றைச் சோதிக்க எனக்கு வழி இல்லை. ஒரு சத்தம் இல்லாமல் போனால், அது போய்விட்டது என்று சொல்ல இன்னொரு சத்தம் வருவதில்லை. தெருவைக் கடக்கும்போது நாலு தரம் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன். தட்டு எதையும் போடவில்லை. போட்டால் அது எனக்குக் குறையே இல்லாமல் கேட்கும், அதுதான் பயம்.

அந்த நேரம் பார்த்துத் தங்கையின் இருபதாவது பெட்டி வந்தது. கொழும்புக்கு வந்த ஒருவர் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். வழக்கமாக அன்றைக்கே பிளேட்டால் நுனியைக் கீறி, கண்ணாடித்தாள் கிழியாமல் உரித்து, திகதி எழுதி வைப்பேன். இந்த முறை மேசையில் அப்படியே கிடந்தது. பத்தாவது நாள், தூசு தட்ட வந்த மனைவி பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னும் உடைக்கேல்லையோ? உடம்புக்கு ஏதும் செய்யுதோ?"

சொன்னேன். பதினேழையும் ஐந்தையும் சொன்னேன். சில்வண்டையும் சொன்னேன். பல்லைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

"எனக்கு எப்பவோ தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொன்னனான். உங்களுக்குக் கேக்கேல்லை."

அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிளினிக் துண்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

காது கிளினிக்கில் கண்ணாடித் தடுப்பு வைத்த ஒரு சிறிய அறை. காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார் அங்கிருந்த பெண். முதலில் கேட்டது, அழுத்தினேன். பிறகு சத்தம் மெலிந்து மெலிந்து போயிற்று. அவருடைய விரல் இயந்திரத்தில் அசைவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. விரல் அசைந்தபோது அழுத்தினேன். இரண்டு தரம், மூன்று தரம். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்.

"ஐயா, என்ர கையைப் பாக்காதேங்கோ. சுவரைப் பாருங்கோ."

சுவரைப் பார்த்தேன். நெடுநேரம் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பொத்தான் என் விரலின் கீழ் சும்மா இருந்தது.

தாளில் வந்த கோடு இடப்பக்கம் நேராக ஓடி, வலப்பக்கம் மலையிலிருந்து விழுவதுபோல் இறங்கியிருந்தது. தாழ்ந்த சத்தங்கள் இடப்பக்கம், உயர்ந்த சத்தங்கள் வலப்பக்கம் என்று டொக்டர் விளக்கினார். வயதோடு வருவது. போனது திரும்பி வராது, காதுக்கு மிஷின் போட்டால் உதவியாக இருக்கும், அளவெடுக்க அடுத்த மாதம் வாருங்கள் என்றார்.

"டொக்டர், இது எப்ப தொடங்கியிருக்கும்?"

"அதைச் சொல்லேலாது ஐயா."

"கிட்டத்தட்ட? எந்த வருசம், எந்த மாதம் எண்டாவது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மனைவி குறுக்கிட்டாள்.

"திகதி எழுதாட்டி அவருக்கு வருத்தம் வந்த மாதிரியே இல்லை, டொக்டர்."

வீட்டுக்கு வந்து திகதியை நானே தேடினேன். நான்கு நாள் பிடித்தது. டிக்குகள் ஒரு நாளில் நிற்கவில்லை. நாற்பது, முப்பத்திரண்டு, இருபது, 'ஓரிரண்டு', பிறகு 'அநேகமாகச் சுத்தம்', பிறகு 'குறை இல்லை'. நடுவில் டீலக்ஸ் பெட்டிகள் வரத் தொடங்கியதால் எல்லாப் புகழையும் அவற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். கப்பல் வந்த நிமிடத்தை எழுதியவனுக்கு இது எந்த வருடம் போனது என்று எழுத முடியவில்லை.

இருபதாவது பெட்டியை ஒக்டோபர் மாதத்து இரண்டாவது ஞாயிறு பின்னேரம் உடைத்தோம். உடைத்தோம் என்று எழுதுவதற்குக் காரணம், மனைவி பக்கத்தில் இருந்தாள். ரொக் இசை அவளுக்குப் பிடிக்காது. எனக்குச் சாட்சி தேவை என்று கேட்டதால் இருந்தாள். மடியில் ஒரு கிண்ணமும் கையில் ஒரு பிடி புளியங்கொட்டையும். டிக் என்று கேட்கும்போதெல்லாம் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் தனியாகப் பென்சிலால் கோடு போடுவேன்.

பாட்டு வந்தது. எனக்கு அது அழகாகவே இருந்தது. கிற்றார் இருந்தது, குரல் இருந்தது, டிரம்ஸின் அடி நெஞ்சில் விழுந்தது. தாளத்தட்டு மட்டும் பஞ்சுக்குள் இருந்தது. பஞ்சு யாருடையது என்று இப்போது தெரியும். நான் ஒரு கோடும் போடாமல் இருக்க, அவளுடைய விரலிலிருந்து ஒரு கொட்டை விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. கொட்டை கிண்ணத்தில் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. அது எதற்காக விழுந்ததோ அது கேட்கவில்லை. அவள் விரலைப் பார்க்காதே, சுவரைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பக்கம் முடிந்து ஊசியை எடுத்தேன். கிண்ணத்தில் ஒன்பது. என் தாளில் இரண்டு.

"பெட்டி நல்ல வடிவு" என்றாள் அவள். "ஆனால் உந்த ஆள் ஏன் இப்பிடிக் கத்துறான்?"

"அது பாடுறது."

"உங்களுக்குப் பாட்டாக் கேக்குதெண்டால் காது அவ்வளவு மோசமில்லை."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குறிப்பேட்டை எடுத்து, அடிமட்டம் வைத்து, குறை நிரலுக்கு அருகே ஆறாவதாக ஒரு நிரல் கீறினேன். தலைப்பு, 'கேட்டவர்.' அந்த வரியில், 'டிக் ஒன்பது' என்பதற்கு எதிரே 'மனைவி' என்று எழுதினேன். பழைய பக்கங்களில் 'குறை இல்லை' என்பவற்றை அழிக்கவில்லை. பதிவேட்டில் அழிக்கக்கூடாது என்பது கந்தோரில் பழகியது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் 'எனக்கு' என்று மட்டும் சேர்த்துக்கொண்டு வருகிறேன். இன்னும் நிறையப் பக்கங்கள் கிடக்கின்றன.

பிறகு நாட்குறிப்பை விரித்தேன்.

"சில்வண்டு கத்துதோ இப்ப?"

அவள் கிண்ணத்துக் கொட்டைகளைப் போத்தலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தாள். முற்றத்துப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இந்த மாதத்தில அவ்வளவா இல்லை. மதில் பக்கம் ஒண்டு ரெண்டு கிடக்கு. ஏன், எழுதப் போறீங்களோ?"

"ஓம்."

"அப்ப பொறுங்கோ, போய்ப் பாத்திட்டு வாறன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மதிலோரம் அவள் குனிந்து நிற்பதை, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.