கால் பெருவிரலில் சுற்றிய தூண்டில்

கருவாட்டுக் கிட்டங்கி ஆக்னஸ் வீடு எது என்று தூத்துக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துறைமுகக் கூலியாட்களும் சொல்வார்கள், கொழும்புத் தோணிக்காரர்களும் சொல்வார்கள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு நார்ப்பெட்டிக் கருவாட்டைத் தலையில் சுமந்து கயத்தாறு வரை போய் விற்றுத்தான் தொழிலைத் தொடங்கினேன். இன்றைக்குச் சரக்கு அடைத்து வைக்க மூன்று கிட்டங்கி நிற்கிறது. யாரும் கை கொடுத்துத் தூக்கி விடவில்லை, கட்டின புருஷன் உட்பட. அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னைச் சொல்லாமல் அவரை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் வரும்.

அவர் பெயர் இனிகோ. கடற்கரையில் எல்லாருக்கும் மீன்பிடி தொழில், அவருக்கு அது கிறுக்கு. வலைக்குப் போகச் சொன்னால் இடுப்பு வலிக்கும். ஒற்றைத் தூண்டிலோடு உட்கார்ந்துவிட்டால் பசி தெரியாது, வெயில் தெரியாது, பெண்டாட்டி இருப்பதும் தெரியாது. எங்கள் கல்யாணத்தன்று கோயிலில் தாலி கட்டி முடித்து, பந்தியில் இலை போடும்போது மாப்பிள்ளையைக் காணோம். தேடிப் போனால் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்பாலத்து முனையில் நிற்கிறார்.

"கிழங்கா மீனு கடிக்கிற நேரம், விட்டா போச்சு" என்றார்.

ஊரே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். குடி இல்லை, கூத்தியா இல்லை, தூண்டில் ஒன்றுதானே என்று தெருவில் பெருமையாகவே சொல்லிக்கொண்டேன். யுத்த காலத்தில் நல்ல கயிறு எங்கும் கிடைக்காதபோது, தோணிக்காரரிடம் சொல்லிக் கொழும்பிலிருந்து உறுதியான தூண்டில் கயிறு வரவழைத்தேன். மாதா திருநாளுக்கு என் கையாலேயே அதை அவருக்குக் கொடுத்தேன்.

என் தம்பி சிலுவை சங்கு குளிக்கிறவன். எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்தில் அவனைப்போல் மூச்சடக்க இன்னொருவன் பிறக்க வேண்டும். என் தம்பி அல்லவா! குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும், அதன் மறுமுனையை வள்ளத்தில் ஒருவன் பிடித்திருப்பான். கீழேயிருந்து ஓர் இழுப்பு வந்தால் உடனே தூக்க வேண்டும். எங்கள் குடும்பங்களில் அந்தக் கயிற்றைக் கூடப்பிறந்தவனிடம் கொடுக்க மாட்டார்கள், அக்காளையோ தங்கச்சியையோ கட்டின மச்சானிடம்தான் கொடுப்பார்கள். கீழே போனவன் மேலே வராவிட்டால் வீட்டில் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் மச்சான் கையை இறுக்கிப் பிடிக்குமாம். அப்படித்தான் சிலுவையின் கயிறு இனிகோ கைக்கு வந்தது.

ஒரு தடவை முங்கி ஏறி அடுத்த தடவை முங்குவதற்கு நடுவே சிலுவை வள்ளத்தில் இளைப்பாறும்போது அவர் தூண்டில் போடுவார். அதை யாரும் குற்றமாக நினைத்ததில்லை. ஆள் தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும் கண்ணும் கையும் கயிற்றை விட்டு நகரக் கூடாது.

1944 மாசியில் ஒரு மத்தியானம் சிலுவையைப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மூக்கிலும் இடது காதிலும் ரத்தம். பின்னாலேயே இனிகோ வந்தார். தோளில் ஒரு பெரிய பாறை மீன், அதன் வால் அவர் முட்டியில் இடித்தது.

"கயிறு பார்ல மாட்டிக்கிட்டு ஆக்னஸ். தெய்வாதீனமா தப்பிச்சான்" என்றார். சங்கு கிடக்கிற கடலடிப் பாறையைத்தான் பார் என்போம்.

நம்பினேன். அந்த மீனை நானே வெட்டி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். தலையைத் தனியாகக் காய்ச்சிச் சிலுவைக்குக் கொடுத்தனுப்பினேன். பார்க்க வந்த பெண்களிடம், "எங்க வீட்டு ஆளு பிடிச்சது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

சாப்பிட்டுவிட்டு அவர் காலை நீட்டி உட்கார்ந்தார். வலது கால் பெருவிரலில் மோதிரம் போட்டதுபோலச் சுற்றிலும் ஆழமாக ஒரு வெட்டு.

"என்ன இது?"

"சிப்பி கிழிச்சிட்டு."

சிப்பி கோணலாகக் கிழிக்கும், சுற்றி வந்து கிழிக்காது. கயிறுதான் சுற்றி அறுக்கும். கை சும்மா இருக்கிறவன் தூண்டிலைக் கையில் பிடிப்பான். இரண்டு கையிலும் வேறு கயிறு இருந்தால்தான் அதைக் கால்விரலில் சுற்றுவான். பெரிய மீன் விழுந்து விரலை அறுத்தால் எந்தக் கயிற்றை விடுவான்? படித்தவர்கள் இதற்கு ஒரு வாரம் யோசிப்பார்கள். கையில் எச்சில் தட்டோடு நின்ற எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது.

தட்டைப் போட்டுவிட்டு நேரே சிலுவை வீட்டுக்குப் போனேன்.

"ஏலே, கீழ என்னல நடந்துச்சு?"

"கயிறு மாட்டிக்கிட்டுக்கா. அத்தான் மேல தப்பில்ல."

"நான் ஒங்க அத்தான் பேரையே எடுக்கலியேல."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "நாலு தடவ இழுத்தேங்கா. கயிறு தொய்ஞ்சு போய்க் கெடந்துச்சு. பிறவு நானா ஏறி வந்தேன்."

"பிறவு ஏன்ல மறைச்ச?"

"சொன்னா ஒன் வீட்டு மானம் போயிரும். காதுப் புண்ணு காயட்டும், திரும்பவும் அத்தான்தான் கயிறு பிடிக்கணும். ஆள மாத்துனா கடக்கரையே ஏன்னு கேக்கும்லா?"

மீனுக்காக ஒருவர் என் தம்பியை விட்டார். என் மானத்துக்காக இன்னொருவன் தன் உயிரையே விடத் துணிந்துவிட்டான். இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரே பொய்யைச் சொன்னார்கள். நான் அதற்குக் குழம்பு வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, காதில் பஞ்சோடு சிலுவை கடலுக்குக் கிளம்பினான். வள்ளம் இறங்கும் நேரத்தில் பெண்கள் பக்கத்தில் போவதில்லை. நான் முழங்கால் தண்ணீர் வரை இறங்கிப் போய், இனிகோ கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினேன். வள்ளத்துச் சொந்தக்காரரான ரோச் சம்மாட்டியிடம் அதை நீட்டினேன்.

"அண்ணே, என் தம்பி கயித்த இனி நீங்க பிடிங்க."

"மச்சான்காரன் கல்லு மாதிரி நிக்கான், நான் எதுக்கு ஆக்னஸ்?"

"அவருக்குக் கால் வெரல்ல புண்ணு."

ரோச் குனிந்து பார்த்தார். உப்புத்தண்ணீரில் ஆறாத அந்த வளையத்தை வள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். எல்லாருமே கடல்காரர்கள், அது தூண்டில் கயிறு அறுத்த வளையம் என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ரோச் கயிற்றை வாங்கித் தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். சிலுவை என் முகத்தைப் பார்க்காமலே வள்ளத்தில் ஏறினான்.

வள்ளம் போனதும் கரையில் நாங்கள் இருவர்தான் நின்றோம். மன்னிப்புக் கேட்பார், இல்லையென்றால் கையையாவது ஓங்குவார் என்று காத்திருந்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தண்ணி நல்லாத் தெளிஞ்சிருக்கு. அந்தக் கொழும்புக் கயித்த எங்க வச்சிருக்க ஆக்னஸ்?"

வைத்திருந்த இடத்தைச் சொன்னேன்.

அதன்பிறகு இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். கிட்டங்கி ஒன்று மூன்றானது. ஒரு சாவியைக்கூட நான் அவர் கையில் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்க அவருக்கு நேரம் ஏது?