மூன்று தோல்விக்கு ஒரு புள்ளி

குரு இல்லையென்றால் புள்ளி இல்லை. மயிலாப்பூர் அண்ணா வீட்டு மேசையில் இதுதான் சட்டம். அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, இன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கே கூடி விளையாடுவோம். ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாளில் எழுதி வைத்திருப்போம். அண்ணா கதையை நடத்துவார். நினைத்த காரியம் நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாத்திரத்தின் திறமை வளர வளர, பகடையில் விழும் எண்ணோடு புள்ளிகள் சேரும். அந்தத் திறமை எப்படி வளர வேண்டும் என்று விளையாட்டுப் புத்தகம் ஒன்று சொல்கிறது. அண்ணா அதை ஓரங்கட்டிவிட்டார். சின்ன வயதிலிருந்து ஒரே பாட்டு வாத்தியாரிடம் உட்கார்ந்து கற்றவர் அவர். அதனால் கதைக்குள்ளும் ஒரு வாத்தியாரைப் பிடித்துக் காத்துக் கிடந்தால்தான் புள்ளி தருவார்.

என் பாத்திரம் ஒரு பூட்டுத்திருடி, சாவியில்லாமல் பூட்டைத் திறந்து திருடுகிறவள். நானோ மேற்கு மாம்பலத்துக்காரி. ஸ்கூட்டர் ஓட்ட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் விழுந்து, ஒரு காய்கறி வண்டியில் மோதி, தெருவிடமே திட்டு வாங்கித்தான் பழகினேன். இப்போது சோறு போடுகிற வீடியோ எடிட்டிங்கும் அப்படித்தான், கெடுத்துக் கெடுத்து வந்தது. எனவே மூன்று முறை தோற்றால் ஒரு புள்ளி வேண்டும் என்று கேட்டேன்.

"தோத்ததுக்கெல்லாம் மார்க்கா? நன்னாருக்கே!" அண்ணாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தோத்தாதான் அண்ணா பூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும். ஜெயிச்சா கதவத் தெறந்துட்டுப் போய்ட்டே இருப்பேன்."

"சந்தைல ஒரு பூட்டு வாத்தியார் உக்காந்துண்டிருக்கார். உனக்காகத்தான் கதைல வெச்சேன். போய்ப் பாரு."

"மாட்டேன்."

எதிரே இருந்த நொச்சிக்குப்பத்து நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். கல்லூரியிலிருந்தே என் கூட்டாளி. அவனுடைய பாத்திரம் அப்போது அரண்மனைச் சிறையில் கிடந்தது. கதைக்கணக்கில் ஒரு வாரத்தில் தூக்கு. கதவைத் திறக்க வேண்டியவள் நான்.

"இன்னா மச்சி, போய்க் கத்துக்கினு வந்துடேன். உன் ரோஷத்துக்கு என் கழுத்துதான் கெடச்சுதா?"

அந்தப் பாத்திரத்தை அவன் ஒரு வருடமாக வளர்த்திருந்தான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் சந்தைப் பக்கம் போகவில்லை. அதற்கு முன்பே மூன்று பூட்டுகளில் தோற்றிருந்தேன், அந்தப் புள்ளி என்னுடையது. நேராகச் சிறைக்குப் போய்ப் பகடையை உருட்டினேன்.

பதினேழு.

"பதினெட்டு வேணும்" என்றார் அண்ணா.

"என் கணக்குல பதினெட்டுதான்."

"என் கணக்குல பதினேழு. கதவு தெறக்கல. காவலாளி வரான்."

அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிருந்தவன், "தெறந்துச்சு நைனா! தோ, நான் வெளிய கீறேன்!" என்று மேசையில் தன் பாத்திரத்துக்காக வைத்திருந்த பொம்மையைச் சிறைக்கு வெளியே நகர்த்தினான். அண்ணா அதை எடுத்து மறுபடி உள்ளே வைத்தார். கதையில் அந்த ஒரு வாரத்தையும் ஓட்டிவிட்டு, அன்று மாலையே தூக்கிலும் போட்டார். நண்பன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் புதுப் பாத்திரத்தோடு வந்தான். அண்ணா தாளை வாங்கிப் பார்த்தார். அவனும் பூட்டுத்திருடன்.

"குருங்கற எடத்துல ஒண்ணுமே எழுதலையே?"

"அவரு இன்னும் பொறக்கல நைனா. பொறந்ததும் சொல்லி அனுப்புறேன்."

அண்ணா என்னைப் பார்த்தார். எனக்கு இதில் பங்கு இல்லை என்று அவர் நம்பவில்லை.

"ரெண்டு பேரும் சேந்துண்டு வந்திருக்கேள். ஒரு புள்ளிகூட தரமாட்டேன், சொல்லிட்டேன்."

"வேணாம்" என்றேன். "பூட்டக் காட்டுங்க."