மாமி நிரப்பிய நான்கு ஞாயிறுகள்

மருந்துக்கடையில் சும்மா கொடுத்த குளிசைப் பெட்டி அது. ஏழு அறைகள், மூடிகளில் கிழமைகளின் முதலெழுத்துகள் பிரெஞ்சில். ஞாயிறு நிரப்பினால் அடுத்த ஞாயிறு வரை போதும். அதைக் காணும்போதெல்லாம் என் மாமியாரின் விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. சுறுசுறுப்பான, நோவில்லாத விரல்கள்.

எனக்கு லூபஸ். உடம்பின் காவலே உடம்பைத் தாக்கும் நோய். கர்ப்பம் உறுதியானது ஆறாவது கிழமையில். வைத்தியர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: லூபஸுக்கு எடுக்கும் இந்த மருந்தை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் நோய் கிளம்பும், சிறுநீரகத்துக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. எந்த நாள், எந்தக் குளிசை, எந்த மூட்டில் நோ என்று எல்லாவற்றையும் நான் கொப்பியில் எழுதிவைப்பவள். ஆனால் குழந்தைகள் திறக்காதபடி செய்த அந்தப் போத்தல் மூடியை வீங்கிய விரல்களால் என்னாலும் திறக்க முடியவில்லை. கணவருக்குத் துறைமுகத்தில் வார இறுதி வேலை. மாமி தானே முன்வந்தார். முதல் ஞாயிறு அவர் நிரப்பத் தொடங்குமுன் ஒவ்வொன்றும் எதற்கென்று விளக்கினேன். லூபஸ் குளிசையைக் காட்டி, இது முதலில் மலேரியாவுக்குக் கொடுத்த மருந்து என்றும் சொன்னேன். வாசித்த திமிரில் சொன்னது.

பத்தாவது கிழமை மணிக்கட்டுகள் வீங்கின, கன்னங்களில் சிவப்புப் படர்ந்தது, சிறுநீரில் புரதம். வைத்தியர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, மருந்தை உண்மையில் எடுக்கிறேனா என்று மரியாதையாகத்தான் கேட்டார். கொப்பியை விரித்து வைத்தேன். இருபத்தெட்டு நாளும் சரி அடையாளம். அவர் கொப்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பொய் சொல்லும் நோயாளிகளைக் கண்டு பழகிய பார்வை. மெட்ரோவில் வீடு வரும்வரை அது என்னை விடவில்லை.

வந்ததும் பெட்டியை மேசையில் கவிழ்த்தேன். காலைக் குமட்டலில் பாராமல் விழுங்கியவற்றை அன்றுதான் பார்த்தேன். அந்தக் குளிசை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை விற்றமின். மருந்துப் போத்தல் நிறைந்தபடியே இருந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்த மாமி எதையும் மறைக்கவில்லை.

"வன்னியில காட்டுக்க கிடந்து மலேரியாவுக்கு நான் விழுங்கின குளிசை உது. என்ர முதல் பிள்ளை அதோட போச்சுது. இஞ்சையும் அப்பிடிப் போக விடுறதோ?"

"என்னட்டைக் கேட்டிருக்கலாம் மாமி."

"கேட்டா விடுவியோ? நீதான் கொப்பி எழுதிற டொக்டராச்சே."

அப்படி ஒரு பிள்ளை இருந்ததே எனக்கு அன்றுவரை தெரியாது. அதைக் கொண்டுபோனது பெரும்பாலும் மலேரியாக் காய்ச்சலாகத்தான் இருக்கும், குளிசை அல்ல என்று பிறகு வாசித்து அறிந்தேன். அவரிடம் சொல்லவில்லை. என் உடம்பில் கைவைத்தவருக்கு அந்த ஆறுதலைக் கொடுக்க மனம் வரவில்லை.

மகள் ஐந்து கிழமை முந்திப் பிறந்தாள். இப்போது கார்டெரிக்கு, பிள்ளைகள் காப்பகத்துக்கு, போகிறாள். என் சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. குளிசையை நிற்பாட்டியதால்தான் பிள்ளை தங்கியது என்று மாமி கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்கிறார். கொப்பியில் அந்த இருபத்தெட்டு அடையாளங்களையும் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் "எடுக்கவில்லை" என்று எழுதிவைத்திருக்கிறேன்.

இப்போது மாமியின் விரல்களும் மடங்குவதில்லை. அவருடைய பிரஷர் குளிசைகளை அதே பெட்டியில் ஞாயிறுதோறும் நான்தான் நிரப்புகிறேன். ஒன்றுகூடத் தவறியதில்லை. முடித்ததும் அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து எண்ணுகிறார். எண்ணி முடியும்வரை எதிரே இருக்கிறேன். அந்த மலேரியாக் காய்ச்சலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.