வரகு காய்ந்த சாலையில் இறங்கிய விமானம்

கல்யாணமாகி வந்த முதல் வருடமே ஊரில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயர். அதற்குக் காரணம் சுண்ணாம்புக்கல் லாரிகள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் தார்ச்சாலையில், எங்கள் ஊரை ஒட்டி ஒரு நீளத்துக்கு மட்டும் புளியமரம் கிடையாது. நிழல் விழாத இடம் என்பதால் மார்கழிக் கடைசியில் வரகை அங்கேதான் பாதிச் சாலைக்குப் பரப்பிக் காயவைப்போம். லாரிக்காரர்கள் வேண்டுமென்றே அதன்மேல் ஏற்றிக்கொண்டு போவார்கள். எத்தனை நாள் பொறுப்பது? அவர்கள் வண்டியிலிருந்து உருண்டு விழுந்த கற்களையே பொறுக்கிவந்து வரகைச் சுற்றி வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல்.

"இப்ப ஏத்துங்கடா பாப்பம்!" என்று இடுப்பில் கைவைத்து நின்றேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். பருத்தியில் காய்ப்புழு விழுந்து, மருந்தடிக்க விமானம் வந்திருந்தது. ஒற்றை இன்ஜின், ஓட்டுகிறவர் ஒருவர் மட்டுமே உட்காரலாம். என் வீட்டுக்காரர் கொடி பிடிக்கும் வேலைக்குப் போயிருந்தார். அவர் வயல் முனையில் வெள்ளைக் கொடியோடு நிற்பார். விமானம் அந்தக் கொடியைக் குறிவைத்துத் தாழ வந்து மருந்தைத் தூவிவிட்டு எழும்பும். அது தலைக்குமேல் சீறிக்கொண்டு போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். அடடா, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! வரகைத் துழாவிவிடுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். கீச்சென்று கத்திக்கொண்டு போன இன்ஜினின் சத்தம் திடீரென்று இறங்கியது. முழுக்க நிற்கவில்லை. அழுது களைத்த பிள்ளை மாதிரி முனகியது. விமானம் இருந்த மருந்தையெல்லாம் தரிசில் ஒரேயடியாகக் கொட்டியது. பிறகு மெல்லத் திரும்பி, எங்கள் சாலைக்கு மேலே தாழ்ந்து, அந்த மரமில்லாத நீளத்தைப் பார்த்துக்கொண்டே போனது.

வீட்டுக்காரர் கொடியும் கையுமாக வரப்பில் ஓடிவந்தார்.

"ஏய், கல்ல எடு! கல்ல எடு! அவரு ரோட்டுல எறங்கப் போறாரு!"

"ஏன், காட்டுல எறங்கட்டுமே!"

"கரிசல் ஈரமா கெடக்குடி! சக்கரம் பொதைஞ்சா குப்புறக் கவுந்துரும். ஆளு பொழைக்க மாட்டாரு!"

சொல்லிவிட்டு அவர் லாரிகளை மறிக்கச் சாலை வளைவுக்கு ஓடினார். கரிசலில் சாகாவிட்டால் அந்த மனுஷன் நான் வைத்த கல்லில் சாவான். ஐயோ சாமி! ஒரு கல்லை எடுத்து வீசினேன். அடுத்ததை எடுத்தேன். "வாங்கடி, வாங்கடி!" என்று போட்ட கூச்சலில், களத்தில் புடைத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். விமானம் தூரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிச் சாலைக்கு நேராக வந்துவிட்டது. எல்லோரும் சாலையோரப் பள்ளத்தில் குதித்தார்கள். இன்னும் ஒரு கல் பாக்கி. தூக்க முடியவில்லை. முட்டி போட்டு உருட்டினேன், கல்லோடு நானும் பள்ளத்தில் விழுந்தேன்.

தலைக்குமேல் காற்று அறைந்தது. சக்கரம் வரகில் பட்டதும் தானியம் மழையாக எங்கள்மேல் கொட்டியது. விமானம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, நேராகி, வளைவுக்கு முன்னால் நின்றது. நின்றேவிட்டது! முழங்காலில் ரத்தம் வழிய, "எறங்கிட்டாரு! எறங்கிட்டாரு!" என்று பைத்தியக்காரி மாதிரி கத்திக்கொண்டு ஓடினேன். போன வரகைப் பற்றி நினைப்பே வரவில்லை.

இறங்கியவருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும், மெட்ராஸ்காரர். யாரோ செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான்தான் வாங்கி அவர் வாயில் ஊற்றினேன். நாலு மிடறு குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்ஜினுக்கு எண்ணெய் சரியா ஏறல. பாதி பவர் இருந்ததால ஒரு சுத்து சுத்த முடிஞ்சுது. அதுவும் இல்லன்னா அவ்வளவுதான்" என்றவர் சுற்றிலும் பார்த்தார். "கல்லையெல்லாம் எடுத்தது யாருங்க?"

எல்லாப் பெண்களும் என்னைக் கைகாட்டினார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க மட்டும் இல்லன்னா நான் இல்லம்மா. மேலேருந்து பாக்குறேன், வரிசையா கல்லு! எந்தப் பாவி கொண்டாந்து வச்சான்னு தெரியல."

வீட்டுக்காரர் என் காலை மிதித்தார்.

"அந்தப் பாவியும் நான்தாங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.