ஓட்டை இல்லாத வடிகட்டி

ஹைட்ரஜனைச் சுத்தப்படுத்தும் தொழிலில், கண்ணுக்கே தெரியாத சரக்குக்காக நாளெல்லாம் வியர்த்துக் கொட்ட வேண்டும். உங்கள் பிழைப்பும் அப்படித்தான் என்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். சமயநல்லூர் ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகமும் வெள்ளியும் கலந்து, ஹைட்ரஜனை வடிகட்டும் மெல்லிய குழாய்கள் செய்கிறோம். பாண்டி அண்ணன் முதலாளி. சேவியரும் நானும் ஆட்கள்.

எப்படி வடியும்?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்தார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டையைத் தேடினார். குழாய் சூடானதும் ஹைட்ரஜன் மட்டும் அணு அணுவாகப் பிரிந்து உலோகத்துக்குள் நுழையும், மறுபக்கம் சேர்ந்து வெளியே வரும், மற்ற வாயுக்கள் வாசலிலேயே நின்றுவிடும் என்று விளக்கினேன்.

நன்றாகத் தலையாட்டினார். நம்பவில்லை. அடுத்த வாரம் தன் கண்முன்னே ஓட்டிக் காட்டினால்தான் ஆர்டர் என்றார். அது கைவிட்டுப் போனால் கொட்டகைக்குப் பூட்டுதான். காரில் ஏறும்போதும் அவர் கேட்டார்: "ஓட்டையே இல்லீங்களே, அப்புறம் எப்படீங்க வடியும்?"

முட்டைக்குத் தடை

கந்தகம் பல்லேடியத்துக்கு விஷம். அவித்த முட்டை வாடையிலும் கொஞ்சம் கந்தகம் உண்டு என்று எங்கோ படித்துவிட்டார் பாண்டி அண்ணன். அன்றோடு கொட்டகைக்குள் முட்டை கூடாது. எனக்கே இது அதிகம் என்றுதான் பட்டது. கேஸ் ஏஜென்சியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த சேவியர், டிபன் பாக்ஸோடு வேப்பமரத்தடிக்குப் போய்க்கொண்டே சொன்னார்: "குழாய் விரதம்னா நானும் விரதமாண்ணே?"

கரண்ட் போனது

வாடிக்கையாளர் வருவதற்கு முதல்நாள் மதியம். குழாயைச் சூடாக்கி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அப்படிப் போனால் ஹைட்ரஜனை மூடிவிட்டு உடனே நைட்ரஜனைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஹைட்ரஜனைச் சூடு ஆறுவதற்குள் வெளியே தள்ளாவிட்டால் உலோகம் உப்பிக் கீறல் விட்டுவிடும்.

நான் வாசலில் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே சேவியர் ஓடிப்போய் எல்லா வால்வையும் இறுக்கி மூடினார், நைட்ரஜனையும் சேர்த்து. ஆறிய குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். நுரை பொங்கியது; குழாய் கீறிக் கசிந்தது. கைவசம் இன்னும் ஒரே ஒரு குழாய்தான். சேவியர் முகம் வெளுத்துப்போனது: "கரண்டு போனா கேஸ மூடுன்னுதானே ஏஜென்சில எனக்குச் சொல்லிக்குடுத்தாக?"

ஆறுவதற்குள்

பாண்டி அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மட்டும் டீ சொன்னார். ஆளை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது, சேவியருக்கும் தெரிந்தது. சேவியர் டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு நேராக அண்ணன் முன்னால் போய் நின்றார். "திட்டுறதுன்னா சூட்டோட திட்டிருங்கண்ணே. உள்ளயே வச்சு ஆறவிட்டா நம்ம குழாய் மாதிரிதான் ஆகும்."

பாண்டி அண்ணன் திட்டினார். தகரம் அதிரத் திட்டினார். ஓய்ந்தபின் தண்ணீர் குடித்துவிட்டு, இருந்த ஒரே குழாயை எடுத்து சேவியர் கையில் கொடுத்தார்: "நாளைக்கு அந்தாளு வரும்போது நைட்ரஜன் வால்வுகிட்ட நீதான் நிக்கிற."

ஆர்டர் கிடைத்தது, எங்கள் கொட்டகையில் இப்போது கோபத்தைக்கூட யாரும் ஆறவிடுவதில்லை, என் வீட்டில்தான் கோபத்தைத் திறந்துவிடும் அந்த வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.