திரைக்குப் பின்னால் ஒரு விண்கலம்

அறிவியல் கதை எழுத வருகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். நாடகத்தில் பக்கவசனம் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு அது இரண்டு பங்கு வேண்டும். நான் படித்தது ஏழாம் வகுப்பு வரை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் போல்ட்டுகளை அளந்து பார்த்தேன். காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் கோயிலில் ஏசுவின் பாடுகளைச் சொல்லிப் போடும் பாஸ்கா நாடகத்துக்கு இருபத்திரண்டு வருடம் திரை மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தேன். மேடையில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஓய்வுக்குப் பிறகு ஆறு கதைகள் எழுதினேன். ஆறாவதை ஓசூர் வாசகர் வட்டத்தின் தொகுப்புக்கு அனுப்பினேன். இரண்டு முறை திருத்தத் தருவார்கள், மூன்றாம் முறையும் சரியில்லை என்றால் புத்தகத்தில் இடமில்லை. எழுதுகிறவர்களே, அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியும்.

யார் நீர்?

தொகுப்பாசிரியர் ரூபா டீச்சருக்கு வீட்டில் கன்னடம். தமிழில் ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் விட மாட்டார். என் கதையில் செவ்வாய்க்குப் போகும் கலத்தில் ஏழு பேர். நாடக வழக்கப்படி ஒவ்வொருவரும் வந்து நின்று, ஊர், பேர், தொழில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. டீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்து மெதுவாகக் கேட்டார்: “சார், இவங்க ஆறு மாசமா ஒண்ணாப் போறாங்க. இன்னுமா பேர் சொல்லிக்கறாங்க?”

கயிறு

ஏழு அறிமுகத்தையும் வெட்டினேன். அடுத்த முறை மாட்டிக்கொண்டது வேறு. “இருவர் கயிற்றை இழுக்க, திரை விலகியது, பூமி தெரிந்தது” என்று எழுதியிருந்தேன். திரை என்றால் எனக்குத் துணிதான், பதினெட்டு அடிக்குப் பத்தடி. டீச்சர் அந்த வரியின் கீழ் கோடு போட்டு இரண்டாம் முறையும் திருப்பிவிட்டார். பக்கத்து வீட்டு வெங்கடேசிடம் காட்டினேன். இயந்திரப் பிரிவில் வேலை, வீட்டில் தெலுங்கு. அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுப் படித்தான். “அண்ணா, கப்பல்ல ஸ்கிரீனுக்குக் கயிறு எதுக்கு? ரிமோட் ரிப்பேரா?”

முதல் சொல்

கதை முழுக்க இருந்த ஒன்பது திரையையும் எடுத்துவிட்டேன். மிஞ்சிய கதை, மரை போடாத போல்ட் மாதிரி எதிலும் பிடிக்காமல் சுற்றியது. இரண்டு நாள் யோசித்தேன். பக்கவசனத்தில் ஒரு விதி உண்டு: நடிகர் தடுமாறினால் முதல் சொல்லை மட்டும் கொடுக்க வேண்டும். இரண்டாவதையும் கொடுத்தால் அவர் நம்மையே பார்க்க ஆரம்பித்துவிடுவார். கலத்தில் ஒரு இயந்திரம் வைத்தேன். பூமிக்குக் கடைசிச் செய்தி சொல்லும்போது கலத்தின் தலைவி முதல் சொல்லிலேயே தடுமாறுகிறாள். எல்லாம் தெரிந்த அந்த இயந்திரம் ஒரே ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. டீச்சர் அந்தப் பக்கத்தை என் முன்னாலேயே இரண்டு முறை படித்தார். “இது சேருது சார். ஆனா வெளியீட்டு அன்னைக்கு நீங்களே படிக்கணும்.”

நாற்பத்து மூன்று பேர்

ஞாயிறு காலை. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று பேர். தாள் கையில் இருந்தும் எழுத்து கண்ணில் நிற்கவில்லை. ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து என் மனைவி ஆரோக்கியமேரியின் குரல், எனக்கு மட்டும் கேட்கிற அளவில்: “பூமியே...” கதையின் முதல் சொல், அவ்வளவுதான். மீதி ஒன்பது பக்கமும் தானாக வந்தது. தலைவி செய்தி சொல்லி முடித்தபோது வெங்கடேசுதான் முதலில் கைதட்டினான். திரும்பும் பஸ்ஸில், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். “எழுதறப்ப சத்தமாப் படிக்கறது யாருங்க? ரெண்டாவது சொல்லும் தெரியும். விதின்னு சொன்னீங்களே, அதான் கொடுக்கல.”

ஆகக் கணக்கு இதுதான்: வெட்டியதெல்லாம் நாடகம், மிஞ்சிய ஒரு சொல்லும் நாடகம், புத்தகத்தில் மட்டும் அறிவியல் கதை என்று அச்சாகியிருக்கிறது.